இலக்கம் இல்லாத இரண்டு கதவுகள்

அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த இரண்டு பேர் எங்கள் கதவில் வெள்ளைப் பெயின்ற்றால் பதின்மூன்று என்று எழுதிவிட்டுப் போன அன்று அப்பா சாப்பிடவில்லை. பக்கத்துக் கொட்டில் அப்பாவின் தங்கையான மாமியுடையது. அதற்குப் பதினான்கு. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உட்துறைமுகக் கரையில் இருந்த எல்லாக் கொட்டில்களுக்கும் அப்படி ஒவ்வோர் இலக்கம் விழுந்தது. பட்டினத்தைத் திருத்தப் போகிறார்களாம், கரையோரம் ரோட்டு வருமாம், எங்களுக்குப் பாலையூற்றில் காணித்துண்டு தருவார்களாம்.

அப்பா நம்பவில்லை. வெள்ளைக்காரக் கடற்படை நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவர் துறைமுகத்தில் கூலிக்கு நின்றவர். வெள்ளை இலக்கம் விழுந்த கொட்டகை, வள்ளம், இரும்பு எல்லாம் உடைபட்டு ஏலத்துக்குப் போனதைக் கண்டவர். உடைத்தவர்களில் அவரும் ஒருவர்.

"இலக்கம் போட்டதை உடைப்பாங்கள். போடாததைத் தொட மாட்டாங்கள்," என்றார்.

மாமிக்கு அந்தப் பயம் இல்லை. கப்பலேறிப் போன மாமா திரும்பவில்லை. வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளோடு மறைவில்லாத கரையில் இருந்தார்.

"ஒரு கிணறும் ஒரு கக்கூசும் கிடைச்சால் எனக்குப் போதும் அண்ணை. உங்கடை இரும்புக் கதையை விடுங்கோ," என்று சிரித்தார்.

மறுநாள் மாமியும் பிள்ளைகளும் வேலைக்குப் போனபின், அப்பா என்னிடம் மண்ணெண்ணெயில் நனைத்த சீலைத் துண்டும் சிப்பி ஓடும் தந்து எங்கள் இலக்கத்தைச் சுரண்டச் சொன்னார். சுரண்டி முடிந்தும் சீலையில் ஈரம் இருந்தது. மாமியின் வீட்டையும் காப்பாற்றுவோம் என்று, எவரும் சொல்லாமலே பதினான்கையும் அழித்தேன்.

அன்று பின்னேரமே கொப்பியோடு ஒரு கிளார்க் வந்து, இலக்கம் உள்ள வீடுகளின் பெயர்களை எழுதினார். எங்கள் இரு கதவுகளையும் பார்த்து அப்பாவிடம் விசாரித்தார். அப்பா மாமியின் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் வலை வைக்கிற கொட்டில் ஐயா. ஒருத்தரும் இருக்கிறேல்லை."

வேலையால் வந்த மாமி இலக்கம் எங்கே என்று கேட்டார். கந்தோர் ஆட்களே அழித்துவிட்டுப் போனதாக அப்பா சொன்னார். உள்ளே அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமி கந்தோருக்கு நாலு முறை நடந்தார். பதிவில்லாத வீட்டுக்குக் காணி இல்லை என்றார்கள். மற்றவர்கள் லொறியில் பாலையூற்றுக்குப் போனார்கள். ஆளில்லாத வலைக் கொட்டில்கள்தானே என்று அடுத்த கிழமை எங்கள் இரண்டையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இரு குடும்பமும் நிலாவெளியில், அம்மாவின் உறவினர் வளவில், வீட்டோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தியில் ஒதுங்கினோம்.

முதல் நாள் சாப்பாட்டில் மாமி சொன்னார்: "நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. அவங்களை நம்பேலாது. வேணுமெண்டே என்ரை பேரை விட்டிட்டாங்கள்."

"ஓம்," என்றார் அப்பா.

நானும் தலையாட்டினேன். அப்பா எல்லாவற்றையும் முன்னமே அறிந்திருந்தார் என்று எனக்குப் பெருமை. அம்மா மட்டும் ஏன் தன் சோற்றுக் கோப்பையில் இருந்த மீன்துண்டை மாமியின் கோப்பையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார் என்பது விளங்கவில்லை. பசியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.