டபுள் கேம்

என் பயோடேட்டாவில் ஒரு வரி உண்டு. ‘பல்கலைக்கழக அளவில் இரண்டு விளையாட்டுகள்: நானூறு மீட்டர் ஓட்டம், கோ-கோ.’ கேம்பஸ் இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, இந்த அளவில் இரண்டு ஆடுகிற யாரையும் தான் பார்த்ததே இல்லை என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வரியில் பாதி பொய். அது எந்தப் பாதி என்பது எனக்கும் எங்கள் கோ-கோ கேப்டனுக்கும்தான் தெரியும்.

அப்பாவின் ஐ.டி. வேலைக்காக நான் எட்டாவது முடித்ததும் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தோம். நிக்டியில் வீடு. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே விளையாட்டுத் துறைக்கு ஓடினேன். படிவத்தில் ‘விளையாட்டு’ என்று போட்டு எதிரே ஒரே ஒரு கோடு. அதில் இரண்டை நெருக்கி எழுதினேன். அந்த வருஷம் அப்படி நெருக்கி எழுதியவர்கள் நிறையப் பேர். கபடியும் குண்டெறிதலும், கூடைப்பந்தும் நீளத் தாண்டலும் என்று ஆளுக்கு ஒரு ஜோடி. இரண்டாம் வருஷம் அந்த ஜோடிகள் பிரிந்தன. மூன்றாம் வருஷம் கல்லூரியிலேயே நான் ஒருத்திதான் மிச்சம்.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. பள்ளியில் எல்லாமே ஆடுகிறவர்கள் மேலே போகப் போக எங்கே காணாமல் போகிறார்கள்? உடம்புதான் காரணம் என்று யூடியூபில் நாலு வீடியோ பார்த்து முடிவு கட்டினேன். ஓட்டத்துக்கு முதுகு நிமிர வேண்டும், கோ-கோவுக்குக் குனிய வேண்டும். ஓட்டத்தில் தடக் கோட்டைத் தாண்டக்கூடாது, கோ-கோவில் நேராக ஓடினால் அவுட். ஒரே கால் இரண்டையும் கற்றுக்கொள்ளாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் விளக்கினேன். என் கால் மட்டும் விதிவிலக்கு என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். ஓட்டப் பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும் ஒன்றை விடச் சொன்னார். நான் காலை ஆறு மணிக்கு அவரிடமும், மாலை ஐந்து மணிக்குக் கோ-கோ மைதானத்திலும் நின்றேன்.

கேப்டன் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள், அப்போது நாலாம் வருஷம், அவளுக்குக் கடைசி. தேஹு ரோட்டில் ஆயுதத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அணியில் தமிழ் பேசியது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்திருக்கும். எனக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

“அரே டபுள் கேம்! வா வா, இன்னிக்கு எந்தக் கட்சி நீ?”

“ரெண்டும்தானுங்க்கா.”

“ஒரு நாள் ரெண்டு காலும் ரெண்டு பக்கம் ஓடப்போவுது பாரு. அப்ப நான் எந்தக் காலைப் புடிக்கிறது?”

எல்லோரும் சிரிப்பார்கள். மராத்திப் பெண்களும் ‘டபுள் கேம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமை.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம். பல்கலைக்கழக அணியில் ஆடினால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். மூன்று வருஷமாக அதற்காகத்தான் முட்டி தேய ஓடினாள். அந்தச் சனிக்கிழமை தளேகாவில் காலிறுதி. ஜெயிக்கிற அணிகளிலிருந்து மட்டும்தான் பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

அதே சனிக்கிழமை எனக்கு ஓட்டத் தேர்வும் இருந்தது. காலையில் தகுதிச் சுற்று, பதினொரு மணிக்கு இறுதி ஓட்டம். முடித்துவிட்டு லோக்கல் பிடித்தால் மூன்று மணி ஆட்டத்துக்குத் தளேகாவ் போய்விடலாம். ரயில் நேரங்களை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன்.

வியாழக்கிழமை மதியம் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இறுதி ஓட்டம் மாலை மூன்றரைக்கு மாற்றம்.

படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். மாலையில் கோ-கோ பயிற்சிக்குப் போனேன். வழக்கத்தைவிட நன்றாகவே ஆடினேன். கம்பத்தை ஒட்டி ஓடும் ஆளைப் பாய்ந்து தொடுவது என் வேலை. அன்று மூன்று பேரைத் தொட்டேன்.

முடிந்ததும் பஸ் நிறுத்தம் வரை அக்கா கூடவே வந்தாள். கையில் பேனா, மடித்த தாள்.

“நாளைக்குக் காலைல லிஸ்ட் குடுக்கணும். பன்னெண்டு பேர்தான். நீ சனிக்கிழமை வரியா இல்லியா, சாஃப் சாஃப் சொல்லிடு. வரலன்னா டென்ஷன் இல்ல, ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ பேரு எழுதிக்கிறேன்.”

டென்ஷன் இல்லை என்றுதான் சொன்னாள். எனக்கு அவள் வழியையே திறந்து வைத்திருந்தாள். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ‘இரண்டும் ஆடுகிறவள்’ என்ற என் பட்டமும் போய்விடும். நிக்டி பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன்.

“சரிக்கா, வரேன்.”

கிளம்பும்போது தமிழில் வேறென்ன சொல்வோம்? போகிறவர்கள் எல்லோரும் ‘வரேன்’ என்றுதானே சொல்கிறோம். பஸ்ஸில் உட்கார்ந்து இந்த வாதத்தை நான் அழகாகக் கட்டி முடித்தேன். நான் விடைபெற்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தப்பாகப் புரிந்துகொண்டால் நான் என்ன செய்ய? ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது அக்கா விளக்குக் கம்பத்தில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கோ-கோவில் உட்கார்ந்திருப்பவளை முதுகில் தொட்டுக்கொண்டே ‘கோ’ சொல்ல வேண்டும். கை படாமல் வாய் மட்டும் சொன்னால் ஃபவுல். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

சனிக்கிழமை மூன்றரைக்கு ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். பல்கலைக்கழகத்தின் நானூறு மீட்டர் தொடர் ஓட்ட அணியில் இடம் கிடைத்தது. பையைத் திறந்து போனை எடுத்தால் அக்காவிடமிருந்து பதினோரு அழைப்புகள், கடைசியாக ஒரு செய்தி: ‘எங்கடி இருக்கே, எந்த ஸ்டேஷன்?’

தளேகாவில் ஒரு புள்ளியில் தோற்றார்கள். கம்பத்தை ஒட்டி ஓடிய பெண்ணைக் கடைசி வரை யாராலும் தொட முடியவில்லையாம். முதலாம் வருஷப் பெண் ஷூ மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பட்டியலில் பேர் இல்லாததால் இறக்க முடியவில்லை. ரயில் கிடைக்கவில்லை, நேரம் கடைசி நிமிஷத்தில் மாறிவிட்டது என்று நான் நீளமாக எழுதி அனுப்பினேன். ‘டீக் ஹை’, சரி என்று மட்டும் பதில் வந்தது. அதன் பிறகு நான் கோ-கோ மைதானத்தின் பக்கமே போகவில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்த அதே சான்றிதழ், எனக்கு எதற்கும் வேண்டியிராத சான்றிதழ், என் ஃபைலில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

போன மாதம் நண்பர்களோடு மலையேற லோனாவாலா போகிற லோக்கலில் ஆகுர்டியில் ஏறினேன். அடுத்த நிலையமான தேஹு ரோட்டில் நீலச் சட்டை போட்ட பெண்கள் ஏறினார்கள். அவர்களில் அக்கா. தளேகாவில் ஏதோ தொழிற்சாலை, பொட்டலம் கட்டும் பிரிவு.

“அரே, டபுள் கேம்!”

வண்டிக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். தோளில் ஓர் அடி வைத்தாள். வேலை கிடைத்ததா, எவ்வளவு தூரம் ஓடுகிறாய், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் வேகமாகப் பதில் சொன்னேன். தளேகாவுக்கு முன்னால் இரண்டே நிலையங்கள். முதலாவதைப் பேச்சிலேயே தாண்டிவிட்டோம். இரண்டாவதில் வண்டி நின்றபோது சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நேரம் மாறுனது எனக்கு வியாழக்கிழமையே தெரியுமுங்க்கா. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“தெரியும்டி. ஓட்டத்தை விட்ட நம்ம டீம் பொண்ணு ஒருத்தி இன்னும் அந்த குரூப்ல இருந்தா இல்ல? வெள்ளிக்கிழமை காலைலயே மெசேஜைக் காட்டிட்டா. லிஸ்ட் அப்ப என் கையிலதான் இருந்துது.”

“அப்புறம் எதுக்குக்கா என் பேரை விட்டு வெச்சீங்க?”

“இன்னாடி கேள்வி இது? நீதான் வரேன்னு சொன்னியே.”

தளேகாவ் வந்தது. சாப்பாட்டு டப்பா இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். இறங்குவதற்கு முன் திரும்பினாள்.

“சரி, நான் போறேன்.”

அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் பிரிவதில்லை. அவள் சொன்னாள், இறங்கினாள், நீலச் சட்டைகளோடு படியேறிப் போனாள். லோனாவாலா வருவதற்குள் போனிலேயே பயோடேட்டாவைத் திறந்து ‘கோ-கோ’வை அழித்தேன். ‘இரண்டு விளையாட்டுகள்’ என்பதை ‘ஒரு விளையாட்டு’ என்று மாற்றினேன். அவளிடம் மன்னிப்பு என்ற சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.