கஷ்கொட்டையும் கால்மானும்

எதெல்கா அத்தை எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்ணையில் வாத்துகளுக்கு இறகு பறிக்கும் வேலை பார்த்தாள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவளைவிட எங்கள் தெருதான் அதற்காக அதிகம் கவலைப்பட்டது.

அந்தக் காலத்தில் இலையுதிர்காலம் வந்தால் பண்ணைக்காரர்கள் பேருந்து பிடித்து எங்களைப் புடாபெஸ்டுக்குக் கூட்டிப்போவார்கள். காலையில் அருங்காட்சியகம், மதியம் ஓபரா, இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஓபராவில் ஆண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அத்தை மட்டும் இமைக்காமல் கேட்பாள்.

ஒரு வருடம் இடைவேளையில் எதிரிலிருந்த பலகாரக் கடைக்கு ஓடினாள். கஷ்கொட்டைப் பருப்பை அவித்து மசித்த இனிப்பு, மேலே நுரைத்த பாலாடை. கடையில் நல்ல கூட்டம். வாங்கியதைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறி வந்தபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். வெளியே காவலுக்கு நின்றவர்தான் கால்மான். மனைவியை இழந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

"பாட்டு ஆரம்பிச்சாச்சும்மா. இனிமே ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டேன்."

"இப்ப ராஜா ஏதுங்க? நான்தான் வந்திருக்கேன், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி."

அவர் சிரித்துவிட்டார். தன் முக்காலியை அவளுக்குப் போட்டு, கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்துவைத்தார். உள்ளே யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி கஷ்கொட்டையை அவள் அவருக்குக் கொடுத்தாள்.

அடுத்த வருடமும் அவள் இடைவேளைக்குப் பிறகு இருக்கைக்குத் திரும்பவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் என் அம்மா பேருந்தே கேட்கும்படி கேட்டாள்: "ஏண்டி எதெல்கா, ஓபராவுல கடைசியில அந்தப் பொண்ணு செத்தாளா, பொழைச்சாளா?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

தலைநகருக்கு வந்துவிடும்படி கால்மான் கேட்டிருக்கிறார். படுக்கையில் கிடந்த அப்பாவை விட்டு வர முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். வசந்தத்தில் அவரே இரண்டு பெட்டிகளோடு எங்கள் ஊர் ரயிலடியில் வந்து இறங்கினார். முதலில் வாத்துகளைக் கண்டு நடுங்கினார். பிறகு அவற்றோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினார். இருவரும் இருபது வருடத்துக்கு மேல் சந்தோஷமாக வாழ்ந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி அவரைக் கொண்டுபோனது.

அதன்பின் அத்தை புடாபெஸ்ட் பக்கமே போகவில்லை. போன வருடம் திடீரென்று என்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். ஓபராவுக்குச் சீட்டு எடுக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். பாலத்தில் கை கோத்து நடந்தோம். ஆற்றோரக் கடையில் மீன் சூப் குடித்தோம். காரம் போதவில்லை என்று பரிமாறியவனிடம் மிளகாய்த்தூள் கேட்டு வாங்கிக் கொட்டிக்கொண்டாள்.

ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அவள் எழவில்லை.

"எத்தனை தடவை வந்திருக்கேன், ஒரு ராத்திரி தங்கினதில்லடி. அவரு வாழ்ந்த ஊரு காலையில எப்படி இருக்கும்னு பாக்கணும்."

வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு ஓர் அறை எடுத்தேன். காலையில் நான் கண் விழித்தபோது அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தாள். கீழே டிராம் மணியடித்துப் போனது. அடுமனையிலிருந்து ரொட்டி வாசனை வந்தது.

"வா, வந்து பாரு" என்றாள்.