வாடா என்றால் பாவ்

என் கண்ணைவிட என் முதுகுதான் அதிகமாகக் கால்பந்து பார்த்திருக்கிறது. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கட்கி பக்கத்து மைதானத்தின் சிமெண்டுப் படிகளுக்கு முன்னால், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் ஏறி நின்று, ஐம்பது அறுபது பேரைக் கத்தவைப்பது என் வேலை. இந்த வேலையை யாரும் கட்டாயப்படுத்தி எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தபிறகு என்னிடமிருந்து பிடுங்கவும் யாராலும் முடியவில்லை.

மற்ற நாளெல்லாம் நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். அங்கே குரலை உயர்த்தக் கூடாது. பாஸ்புக்கைத் தூக்கி மூஞ்சியில் எறியாத குறையாக வருகிறவரிடமும் "சார், ஒரு நிமிஷம்" என்று சிரித்தபடி சொல்ல வேண்டும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அந்த வாரத்துக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவிழ்த்து விடுவேன். திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். மேனேஜர் பாவம், எனக்கு ஓயாமல் சளி பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பேட்டையான போபோடியின் பெண்கள் அணிக்கு என் தங்கைதான் கோல்கீப்பர். எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் வேலூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அப்பாவுக்கு இங்கே, மராத்தி பேசும் ஊரில், ஃபாக்டரியில் வேலை கிடைத்தபோது வந்தவள். அவள் பிறந்ததே போபோடியில். அவளுக்குத் தமிழ் என்பது வீட்டுக்குள் காதில் விழுவது மட்டும்தான். வாசலைத் தாண்டினால் மராத்தி, பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும். அம்மா சமையலில் இருக்க, அவளைத் தூக்கிச் சுமந்தது நான். தவழ ஆரம்பித்த நாளிலிருந்து கையை நீட்டி நான் கூப்பிட்டது "வாடா". "வாடி" என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை, அதில் கொஞ்சம் அதட்டல் இருப்பதாகத் தோன்றியது. தமிழ் வீடுகளில் செல்லமான பெண் பிள்ளைகள் எல்லாரும் "டா"தானே.

அவள் ஆடும் ஆட்டங்களுக்கு முதலில் பன்னிரண்டு பேர் வந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள். அப்போதுதான் ஊரின் இன்னொரு மூலையான வாகடிலிருந்து ஒரு கோயமுத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார். ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. டிவியில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன மனிதர். தன் ஆபீஸ் சிநேகிதி எங்கள் அணியில் ஆடுகிறாள் என்று பார்க்க வந்தவருக்கு, காலியான படிகளைக் கண்டு பொறுக்கவில்லை. இரண்டே வாரத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார், துணியில் பெரிய பேனர் எழுதினார், கணபதி ஊர்வலத்தில் டோல் அடிக்கும் பெண்கள் நாலு பேரை அந்தப் பெரிய மேளத்தோடு கூட்டிவந்தார். பிறகு, இருந்ததில் பெரிய தொண்டை யாருக்கு என்று சுற்றிப் பார்த்தார். என் அதிர்ஷ்டம், பக்கத்திலேயே நான் ரெஃபரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க முன்னால வந்து எங்களப் பாத்து நில்லுங்க. லீடர் மேட்சைப் பாக்கக் கூடாதுங்க. அதுதான் ரூலுங்க," என்றார்.

எந்த மடையன் போட்ட ரூல் இது என்று கேட்டேன். உலகம் பூராவும் ரசிகர் குழுக்களில் அப்படித்தான் என்று விளக்கினார். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், தலைவர் மற்றவர்களைப் பார்ப்பார். தலைவரும் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தால் கத்துவதற்கு ஆள் இருக்காது. நான் பத்து நிமிஷம் சண்டை போட்டேன். உள்ளுக்குள் மட்டும் பெரிய நிம்மதி. ஏனென்றால் பந்து என் தங்கையை நோக்கி வரும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இனிமேல் அதைப் பார்க்க வேண்டியதில்லை, அதுவும் கௌரவமாக.

ஆட்டத்தை நான் முகங்களில் படிக்கக் கற்றுக்கொண்டேன். மேல் படியில் கூடையோடு நிற்கும் வடாபாவ் விற்கிறவர்தான் என் டிவி. எல்லாரும் அவரைக் காகா என்று மராத்தியில் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுவோம். காகாவின் புருவம் ஏறினால் பந்து நம் பக்கம் வந்துவிட்டது. வாய் திறந்தால் கார்னர். கூடையின் மூடியைச் சாத்தினால் ஆபத்து. ஒரு தடவைகூட அந்த முகம் எனக்குப் பொய் சொன்னதில்லை.

அந்தச் சம்பவம் நடந்தது எங்கள் இரண்டாவது சீசனின் மூன்றாவது ஆட்டத்தில். எதிரணி பிய்த்துக்கொண்டு வருகிறது, காகா மூடியைச் சாத்திவிட்டார். எனக்கு என்ன கத்துவதென்றே தெரியவில்லை. வாயில் வந்தது வீட்டு வார்த்தைதான். "வாடா, வாடா, வாடா" என்று தங்கையைக் கூப்பிட்டேன். டோல் அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களும் அர்த்தம் தெரியாமலே பிடித்துக்கொண்டார்கள். மராத்தியில் வடைக்கு "வடா" என்று பேர், அதை நடுவில் வைத்துத் தரும் பன்னுக்கு "பாவ்". அறுபது பேர் டோல் அடியோடு கத்தும்போது எங்கே துணைக்கால் வந்தது, எங்கே வரவில்லை என்று யாருக்குத் தெரியும். காகாவின் காதில் விழுந்தது ஆர்டர். மூடியைத் திறந்துகொண்டு நாலு படி தாவி இறங்கிவந்து, என் காலடியில் கூடையை வைத்து, எத்தனை வேண்டும் என்று கேட்டார். நானோ பாதிக் கோஷத்தில் இருக்கிறேன், நிறுத்த முடியாது. "வாடா" என்றேன். ஒன்று கொடுத்தார். மறுபடி "வாடா" என்றேன். இன்னொன்று கொடுத்தார். இரண்டு கையிலும் வடாபாவை வைத்துக்கொண்டு நான் டப்பாமேல் நின்று அலறுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் எதிரணி ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த தடவை நாங்கள் "வாடா" என்றதும் அங்கிருந்து ஒரே குரலில் பதில் வந்தது: "பாவ்!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் வாடா என்றால் பாவ். எந்த அணி வந்தாலும் தொட்டிக்கு அந்தப்பக்கம் உட்காருகிறவர்கள் பாவ் சொல்வது வழக்கமாகிவிட்டது. எங்களைக் கேலி செய்ய வந்தவர்களே எங்கள் கோஷத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை விசிலை வாயில் வைத்திருந்த ரெஃபரி சிரித்து, அது தானாக ஊதி, ஆட்டம் நின்றுவிட்டது. கோயமுத்தூர்க்காரர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். இப்படி ஒரு கோஷம் உலகத்தில் எந்த ஸ்டேடியத்திலும் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார். கையுறை போட்ட வடாபாவ் ஒன்றை ஆளுயரத்துக்கு வரைந்து புது பேனரும் செய்துவந்தார். எனக்கோ சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. மைதானத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை என்பது முதுகைக் காட்டி நின்றவளுக்கு எப்படித் தெரியும்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், குளியலறையில் பக்கெட்டில் கையுறையை அலசிக்கொண்டே தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீ இனிமே என்னை அப்படிக் கூப்பிடாத. எல்லாரும் ஹஸ்றாங்க. காலேஜ்லகூட எனக்கு வடாபாவ்னு பேரு. நான் எத்தனை பால் புடிச்சாலும் யாரும் அதைப் பாக்கறதில்ல."

சிரிப்பதற்கு மராத்தியில் இருக்கும் சொல்லோடு தமிழ் வாலை ஒட்டிப் பேசுவது அவள் வழக்கம். எப்போதும் அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அன்று கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துகிறேன், நன்றி கெட்டவளே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையுறையைப் பிழிந்தபடி, "அப்போ நீ மேட்சுக்கே வராத," என்றாள்.

இடுப்பில் தூக்கி நான் வளர்த்தவள் சொன்ன அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. சமையலறைக்குப் போய், குக்கர் விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன். அழுது முடித்ததும்தான் புத்தி வந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு. இரண்டு வருஷமாக அவள் ஆடுவதை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, ஊரையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டேன். வருவேன், ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று அவளிடம் போய்ச் சொன்னேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். முன்போல அவளை இனிக் கூப்பிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாளை ஜெயிப்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் தடையுத்தரவு போட்டேன். கோயமுத்தூர்க்காரர் அழுகிற பொம்மை ஏழெட்டு அனுப்பினார். பிறகு பேனரைச் சுருட்டி வைத்துவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் டிரா செய்தாலே மேல் டிவிஷனுக்குப் போய்விடலாம் என்ற நிலை. தோற்றால் இன்னொரு வருஷம் இதே மண்ணில் புரள வேண்டும். எதிரணி கோத்ரூட் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய ரசிகர்கள் இரண்டு டெம்போ நிறைய வந்து இறங்கினார்கள். முதல் நிமிஷத்திலிருந்தே "பாவ், பாவ்" என்று எங்களைச் சீண்டினார்கள். நாங்கள் பதிலுக்கு "போபோடி, போபோடி" என்றோம். வாடா இல்லாமல் வெறும் பாவ் எடுபடவில்லை, கொஞ்ச நேரத்தில் அவர்களே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். காகா என்னை நம்பி வழக்கத்தைவிடப் பெரிய கூடை கொண்டுவந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அதைப் பார்க்காமல் எனக்கு ஆட்டம் ஏது.

நாங்கள் ஒரு கோல், அவர்கள் ஒரு கோல். முடிய இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். காகா மூடியைச் சாத்தினார். விசில் ஊதியது. அறுபது முகமும் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

"பெனால்டிங்க, அக்கா," என்றார் கோயமுத்தூர்க்காரர். அவர் குரலே மாறியிருந்தது.

டோல் நின்றது. எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். வங்கியில்கூட நான் அப்படி வாயை அடக்கியதில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை, கத்தவும் வழியில்லை, டப்பாமேல் காகாவின் முகத்தையே பார்த்தபடி நின்றேன். மைதானம் முழுக்க அமைதி. அப்போது எனக்குப் பின்னால், தூரத்தில், கையுறைகள் இரண்டு தடவை தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதோடு கீச்சென்று ஒரு குரல்.

"வாடா!"

என் தங்கையின் குரல். பந்தை உதைக்க வருவது ஒரு பெண். அவளைப் பார்த்து வாடா என்கிறாளே, தமிழ் இப்படித் தப்பாகப் போகிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. சீசன் முழுக்கப் பழகிய பழக்கம் யாரை விட்டது? தொட்டிக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம், பட்டாணி உரிக்கும் அம்மாக்கள், டெம்போவில் வந்தவர்கள், மொத்த மைதானமும் ஒரே வாயாக "பாவ்!" என்றது. அந்த கோத்ரூட் பெண் ஏற்கெனவே ஓடிவர ஆரம்பித்திருந்தாளாம். தன் சொந்த ஆட்களே பாவ் என்று கத்தியதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே உதைத்தாளாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது. நான் பார்த்தது காகாவை மட்டும்தான். அவருடைய இரண்டு கையும் கூடையை விட்டு மேலே போயின. கூடை சாய்ந்தது, மூடி கழன்றது, வடைகள் ஒவ்வொரு படியாக உருண்டு என் டப்பாவரை வந்தன.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரூலை மீறித் திரும்பினேன். என் தங்கை மண்ணில் குப்புறக் கிடந்தாள். பந்து அவள் வயிற்றுக்கடியில் இருந்தது. யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நல்ல கோல்கீப்பர் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று பக்கத்திலிருந்தவரை உலுக்கினேன். ரெண்டு வருஷமா அதைத்தானேங்க சொல்லிட்டிருக்கோம் என்றார் கோயமுத்தூர்க்காரர்.

ஆட்டம் டிராவில் முடிந்தது. டோல் பெண்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள், நானும் செருப்பை எங்கோ விட்டுவிட்டு ஓடினேன். தங்கையின் முகமெல்லாம் மண். என்ன பேசுவதென்று தெரியாமல் இலக்கணத்தில் ஆரம்பித்தேன். அந்தப் பொண்ணைப் பார்த்து வாடி என்றுதானே சொல்லியிருக்க வேண்டும், வாடா என்கிறாயே என்றேன்.

அவள் பல்லால் கையுறையின் பட்டையை இழுத்துக் கழற்றினாள்.

"அவளைச் சொல்லலக்கா. நீ சொல்லல இல்ல, அதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

கூடையில் மிஞ்சிய ஒரே ஒரு வடாபாவை காகா கொண்டுவந்து நீட்டினார். வாங்கி, பாதியைப் பிய்த்து அவள் வாயருகே கொண்டுபோனேன். "வாடா" என்றேன். பாதி காற்றாகத்தான் வந்தது.

வாயைத் திறப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "பாவ்," என்றாள்.