திரைக்குள் தூக்கிய பெட்டி

துறைமுகத்தில் எட்டு வருஷம் பழைய கிரேன் ஓட்டியவன் நான். என் தோஸ்து அதே எட்டு வருஷமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ராயபுரத்திலிருந்து ஒரே பைக்கில்தான் போவோம். புதிதாக வந்த உயரமான கன்டெய்னர் கிரேனுக்கு எங்கள் ஷிப்டிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுப்பதாகச் சொன்னார்கள். எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

தேர்வு கிரேனில் இல்லை, ஏசி அறையில். ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, முன்னால் பெரிய திரை. இல்லாததை இருப்பதாகவே கண்ணும் கையும் நம்பிவிடும், அதுதான் விர்ச்சுவல் ரியாலிட்டி என்று விளக்கினார் பயிற்சி அதிகாரி. நான் அளவுக்கு மீறி நம்பினேன். திரையில், கப்பல் தளத்தில் ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் நின்றிருந்தான். கீழே நிற்பவன் கை காட்டாமல் பெட்டியைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போனது. அது வெறும் பொம்மை, கை காட்டாது என்று அதிகாரி சொன்னதும் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

தோஸ்து அந்தப் பொம்மையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீடியோ கேம் கடையில் பழகிய கை; பெட்டிகளை அலுங்காமல் அடுக்கினான். இடம் அவனுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் வாங்கித் தந்த பிரியாணியைத் தின்றேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனேன்.

அவன் நிஜ கிரேனில் ஏறிய முதல் நாள், கீழே வாக்கி டாக்கியோடு நிற்கும் வேலை எனக்கு. கடல்காற்று வலுத்திருந்தது. அவன் தூக்கிய பெட்டி டிரெய்லர் லாரிக்கு மேலே ஆட ஆரம்பித்தது.

"மாமு, ஆடிகினே கீது. இன்னா பண்றது?"

எனக்குத் தெரியும். பெட்டி ஆடிப் போகிற பக்கமே கைப்பிடியைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் அடங்கிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் தோற்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. டிரெய்லருக்குள் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அதுவும் தெரிந்துதான் நின்றேன்.

ஆட்டம் தானாக அடங்கும்வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு மெல்ல இறக்கிவிட்டான்.

ஷிப்ட் முடிந்து வந்தவன் என் தோளில் கை போட்டான்.

"நீ எதுனா சொல்லிகினு இருந்தா கொயம்பிப் பூட்டிருப்பேன் மாமு. என்னிய நம்பி வுட்ட பாரு, அதான்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.