பஞ்சு என்று தட்டிவிட்டோம்

வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் துணிக் கிடங்கில், எலி பிடிக்க மணி என்ற ஆண் பூனை இருக்கிறது. துணி ரோல் நனைந்தால் கறை விழும் என்று அங்கே தண்ணீர்ப் பாத்திரம் வைக்க சூப்பர்வைசர் விடமாட்டார். தின்பதோ கடையில் வாங்கும் உலர்ந்த தீனி மட்டும். அதன் ரோமம் மங்கிச் சொரசொரப்பானபோது, பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று எல்லோரும் தட்டிவிட்டுப் போனோம்.

போன மாதம் ஒரு காலை, மணி மூலையில் குந்திக் குந்தி முக்கிக் கத்தியது. ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை.

"மலச்சிக்கலுங்க. விளக்கெண்ணெய் ஊத்துனா செரியாயிரும்," என்றார் சூப்பர்வைசர்.

"அதை நீங்க குடிங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க," என்று அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் கத்தல் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மூத்திரப்பை கல்லாட்டம் இருக்குது. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா செத்திருக்குமுங்க. தண்ணியில்லாம காஞ்ச தீனியே தின்னா, மூத்திரம் கெட்டியாயி இப்படி அடைச்சுக்கும். ரோமம் கெட்டப்பவே கூட்டிட்டு வர்றதுக்கென்னங்க?" என்று திட்டிக்கொண்டே மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வெளியேறக் குழாய் போட்டார்.

மணி பிழைத்தது. இப்போது டாக்டர் சொன்ன ஈரத் தீனிதான் போடுகிறேன். ரோமம் மறுபடி பளபளக்கிறது. கிடங்கில் தண்ணீரும் வைத்துவிட்டேன்.

"ரோல் நனைஞ்சா யாருங்க பொறுப்பு?" என்றார் சூப்பர்வைசர்.

"நனைஞ்ச துணி காயுமுங்க. செத்த பூனை எந்திரிக்குமா?"

பாத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்தான் தினமும் நிரப்புகிறேன்.