கடைசித் தொட்டியின் மீன்கள்

ஆக்காஸ் அலியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஆலைக்காரன் சோற்றைத் தின்றுவிட்டு அவன் தலையிலேயே மண்ணைப் போட்டவன் என்பார்கள் சிலர். கூடப் பிறந்தவளைக் குளத்தில் தள்ளியவன் என்பார்கள் மற்றவர்கள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மூங்கில் தட்டி. அவன் வேலை பார்த்த ஆலையில்தான் நானும் வேலை பார்க்கிறேன். அதனால் இவர்களைவிட எனக்குப் பேச உரிமை அதிகம்.

எங்கள் ஆலையில் பின்னல் துணிக்குச் சாயமேற்றி, பனியனாகத் தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். நான் தரப் பிரிவு. மேசையில் பனியனை விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று தேடிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் பிழைப்பு. வீட்டிலும் இதே புத்திதான் என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். கறையைக் கறை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

ஆக்காஸ் கழிவுநீர் பிளான்டில் இருந்தான். சாயத் தண்ணீர் ஒவ்வொரு தொட்டியாக இறங்கி, மருந்து கலந்து, காற்று ஊதி, சேறு தங்கி, கடைசித் தொட்டிக்கு வரும்போது வெளுத்துப்போயிருக்கும். அங்கிருந்து கால்வாய்க்குப் போகும். அந்தக் கடைசித் தொட்டியில் மீன் விடச் சொன்னவர் மேனேஜர் தௌஹித் சார். "வெளிநாட்டுக்காரன் காகிதத்தை நம்பமாட்டான், மீனை நம்புவான்" என்பார். எங்கள் பக்கத்தில் வேறு ஆலைகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரு ஆலையில் வாத்தே விட்டிருந்தார்கள்.

மீன் பொறுப்பு ஆக்காஸுக்கு வந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே மீன் பைத்தியம். பையில் பொரி கொண்டுபோய்த் தொட்டி விளிம்பில் தட்டுவான், ரோகு மீன்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். எல்லாவற்றிலும் பெரியதாக, முதலில் வந்து முதலில் தின்னும் மீனுக்குச் சேர்மன் என்று பெயர் வைத்திருந்தான். ஒருமுறை சேர்மனைக் கையில் ஏந்தியபடி அவனைப் படம் எடுத்து, ஆலை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். கீழே, 'எங்கள் தண்ணீர், எங்கள் மீன்' என்று எழுதியிருந்தது. தெருவே போய்ப் பார்த்தது. அந்த நாட்களில் அது பொய்யில்லை, தண்ணீர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆர்டர் இரட்டித்தது. சாய இயந்திரங்கள் புதிதாக வந்து இறங்கின. பிளான்ட் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. ஒரு பானை சோற்றை ஒரு குவளையில் வடிக்க முடியுமா? கடைசித் தொட்டிக்குச் சிவப்பும் ஊதாவுமாகத் தண்ணீர் வர ஆரம்பித்தது. மீன்கள் செத்து மிதந்தன. சேர்மனையும் சில மீன்களையும் மட்டும் ஆக்காஸ் வாளியில் அள்ளிக் காப்பாற்றிக்கொண்டான்.

ஆலையில் எது கெட்டாலும் தரக் கூட்டம் போடவேண்டும் என்பது விதி. போட்டார்கள். பலகையில் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்து, தலையில் கோளாறையும் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணத்தையும் எழுதுவது வழக்கம். செத்துப்போன மீனுக்கு மீன் எலும்பு வரைந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். தௌஹித் சார் முறைத்தார். தீனி, வெயில், ஆள், நோய் என்று எழுதிக்கொண்டே போனார்கள். யாரோ தண்ணீர் என்றார்கள்.

"தண்ணியைச் சரி பண்ண புது பிளான்ட் கட்டணும். அது முதலாளி முடிவு பண்ணவேண்டிய விஷயம்," என்றார் தௌஹித் சார். "நம்ம தரப் பலகையில என்ன எழுதியிருக்கு? மீன் சாகக்கூடாதுன்னு எழுதியிருக்கு. மீன் சாகாம இருக்க நம்மால என்ன முடியும்? அதை மட்டும் சொல்லுங்க."

முடிந்தது இதுதான். கடைசித் தொட்டியை மற்றதிலிருந்து ஒரு பழைய பலகையால் அடைத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தனியாக ஒரு குழாய் இழுத்தார்கள். சாயத் தண்ணீர் தொட்டிக்கு வராமல் பக்கத்திலேயே புதைத்த குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போனது. அந்த வேலையை ஆக்காஸே செய்தான். சேர்மன் திரும்பவும் தொட்டிக்கு வந்தான். தரப் பலகையில் மீனுக்கான கட்டத்தில் பச்சை வட்டம் விழுந்தது, கைதட்டி இனிப்புக் கொடுத்தார்கள். நாங்கள் அளக்க வேண்டியது தண்ணீரை. மீனை அளந்தோம், பிறகு மீனுக்கேற்ற தண்ணீரைத் தேடிக்கொண்டோம். இந்தக் கோமாளித்தனத்துக்குத் தரம் என்று பெயர்.

இனிப்பை மென்றுகொண்டே ஆக்காஸ் என்னிடம் வந்தான். என்னை அக்கா முறையில் ஆபா என்பான். "ஷிரின் ஆபா, மீன் பிழைச்சிடுச்சு."

"மீன் சரி பாய். தண்ணி பிழைச்சுதா?"

"அதை யாரு கேக்குறா?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

ஊர்க்காரர்களுக்குக் குழாய் விஷயம் தெரியாது. வெளியில் ஒரு வார்த்தை போனால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் இந்த ஊரில் அடுப்பு எரியாது என்று தௌஹித் சார் பிளான்ட் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னார். அதுதான் வேலை செய்தது. ஆக்காஸின் மகள் அப்போதுதான் தையல் பிரிவில் சேர்ந்திருந்தாள்.

அவனுடைய அக்கா கோஹினூர். அக்காவைப் புபு என்றுதான் கூப்பிடுவான். தாய் செத்தபோது ஆக்காஸ் நடக்கக்கூடப் பழகவில்லை, இவள் இடுப்பில்தான் வளர்ந்தான். கணவன் போனபிறகு கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, ரோகுவும் கட்லாவும் வளர்த்தாள். ஆண்கள் செய்யும் தொழில் என்று பேசியவர்கள் வாயை மீனாலேயே அடைத்தவள். கால்வாயிலிருந்து அந்தக் குளத்துக்கு ஒரு மதகு உண்டு. ஆலை வந்த நாளிலிருந்து மூடியே கிடந்தது.

அந்த வருஷம் சைத்ர மாதக் கோடையில் குளம் சேறாக வற்றியது. ஆக்காஸ் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். அங்கே நடந்ததைப் பிறகு கோஹினூரே என்னிடம் சொன்னாள்.

"டேய், மதகைத் திறக்கலாம்னு இருக்கேன். உங்க தண்ணி இப்ப நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப எதுக்கு புபு? மழை வரட்டும்."

"மழை ஆஷாட் மாசத்துலதான் வரும். அதுவரைக்கும் என் மீனெல்லாம் கட்டில்ல படுத்துக் கிடக்குமா?"

"கால்வாய் ஒரு மாதிரி சிவப்பா தெரியுதே..."

"உங்க ஆலை வந்த நாள்லேருந்து அது நாளுக்கொரு புடவை கட்டிட்டுத்தான் திரியுது. வாசல் படத்துல நீ பிடிச்சிட்டு நிக்கிறியே ஒரு மீன், என் தொடை தண்டி இருக்கு. அதே தண்ணிதானே கால்வாய்க்கு வருது?"

ஆக்காஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்" என்றான்.

அவளுக்கு அது போதுமாயிருந்தது. தம்பி பொய் சொல்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவனும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போய் எதையாவது சொல்லித் தடுத்துவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறான். வெள்ளிக்கு முன்பே அவள் மதகைத் திறந்துவிட்டாள்.

விடிந்தபோது குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். பெரியது சின்னது என்று பாக்கியில்லை. கோஹினூர் அழவில்லை. அகலக் கூடையில் மீன்களை அள்ளி, இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆலை வாசலுக்கு நடந்தாள். பின்னால் பாதி ஊர் வந்தது.

அன்றைக்கென்று பார்த்து ஆலைக்குப் பசுமைச் சான்று கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். புது ஏப்ரன் கட்டிவிட்டு எங்கள் தரப் பிரிவையும் பிளான்ட் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வாசலில் கூச்சல் கேட்டதும் தௌஹித் சார் துளிகூடப் பதறவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார்.

"வாங்க கோஹினூர் புபு, உள்ள வாங்க. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" வெளிநாட்டுப் பெண்மணிக்கும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, எல்லோரையும் கடைசித் தொட்டிக்கே கூட்டிவந்தார். விளிம்பில் தட்டினார். சேர்மனும் கூட்டமும் வந்து வாயைத் திறந்தன. "பாத்தீங்களா? மனுஷன் பொய் சொல்லலாம், மீன் பொய் சொல்லாது. இதே தண்ணிதான் கால்வாய்க்கு வருது. உங்க குளத்துல வேற ஏதோ ஆயிருக்கு புபு."

கூட்டத்தில் ஒருவன், "சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருப்பா," என்றான். இன்னொருவன், "பொம்பளை மீன் வளர்த்தா இப்படித்தான்," என்றான். அவன் பல்லைத் தட்டவேண்டும்போல எனக்கு இருந்தது.

கோஹினூர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரும்போது இருந்த வேகம் அவள் முகத்திலிருந்து வடிந்தது. தம்பியைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆக்காஸ், போன மாசம் சுண்ணாம்பு போட்டேன்டா. கூடப் போட்டுட்டேனா? நான்தான் கொன்னுட்டேனா?"

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.  ஆக்காஸ் நேராகப் போய்க் கிணற்றுக் குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினான். சாயத் தண்ணீரை அடைத்து வைத்திருந்த பழைய பலகையைப் பிடித்துத் தூக்கினான்.

"ஆக்காஸ்! கையை எடு," என்றார் தௌஹித் சார்.

"எங்க புபு பாக்கட்டும் சார்."

"உன் மகளை நினைச்சுப் பாரு."

அந்த ஒரு பேச்சுக்கு அவன் கை நின்றது. நின்றதை நான் பார்த்தேன். பிறகு பலகையை முழுதாகத் தூக்கிவிட்டான்.

ஆவி பறக்க, கருஞ்சிவப்பாகத் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் சின்ன மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சேர்மன் மூலைக்கு மூலை ஓடி, சுவரில் மோதி, ஆக்காஸ் நின்ற பக்கமே வந்து நின்றது. அவன் கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். நீட்டவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, அது சாய்ந்து மிதக்கும்வரை நின்று பார்த்தான். வெளிநாட்டுப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. சிலர் தௌஹித் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோஹினூர் அதிலெல்லாம் சேரவில்லை.

"இந்தக் குழாயைப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் புபு."

"நான் கேட்ட அன்னைக்கு இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "என் மீன் செத்ததுக்கு ஆலைக்காரன் பதில் சொல்லட்டும். நீ என் சோத்தைத் தின்னுக்கிட்டே என்னைப் பாத்தியேடா," என்றாள். திரும்பி நடந்தாள். "புபு, புபு" என்று அவன் வாசல்வரை பின்னாலேயே ஓடினான்.

அந்தப் பெண்மணி சான்று கொடுக்காமல் போனாள். ஆர்டர் பாதியாயிற்று, தையலில் பல பேருக்கு வேலை போயிற்று, ஆக்காஸின் மகளுக்கும்தான். வேலை போனவர்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் ஆக்காஸைச் சபிக்கிறார்கள். தௌஹித் சார் வேறு ஆலையில் இதே வேலைக்குப் போய்விட்டார். இங்கே புது பிளான்டுக்கு அடித்தளம் தோண்டியிருக்கிறார்கள், பலகையில் மீன் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆக்காஸ் இப்போது சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று அந்தப் பலகையைத் தூக்க வேறு யாரும் முன்வரவில்லை என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த ஈத் பெருநாளுக்குக் கோஹினூர் எப்போதும்போலப் பாலில் சேமியா காய்ச்சி எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் கொடுத்தனுப்பினாள். ஈத் அன்று எதிரி வீட்டுக்குக்கூடக் கிண்ணம் போகும். என் வீட்டுக்கு வந்தது, எனக்கு அடுத்து ஆக்காஸ் வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. நான் கிண்ணத்தோடு முற்றத்தில் நின்றிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் புதுச் சட்டையோடு ஆக்காஸ் வந்து நின்றான்.

"ஆபா, புபு வீட்டுலேருந்து ஏதாவது வந்துச்சா?"

எவ்வளவு சின்னக் கறையையும் சொல்லிவிடும் என் வாய்க்கு அன்று என்னவோ ஆயிற்று.

"இல்ல பாய். இந்த வருஷம் அவ யாருக்குமே அனுப்பலையாம்," என்றேன்.

அவன் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். தட்டியில் அவ்வளவு இடைவெளி இருந்தது. "சரி ஆபா," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டான்.