முழங்கால் அளவுத் தண்ணீர்

ஊரில் பாதித் தொட்டிகளுக்குக் குழாய் போட்டவர் அந்தப் பிளம்பர். ஆனால் அவரே முங்க இறங்கிய தொட்டி ஒன்றுதான்: ஞானஸ்நானத் தொட்டி.

குழந்தையிலேயே அவருக்குப் பழைய சபையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. மனைவியோ, வளர்ந்தவர்களை முக்கியெடுக்கும் புதுச் சபை. "தெளிச்சதெல்லாம் ஒரு ஞானஸ்நானமா? இஸ்திரி போடத் துணிக்குத் தண்ணி தெளிக்கற மாதிரி!" என்று பதினொரு வருடமாகக் குத்திக்காட்டினாள். எது உண்மை என்று தெரியாமல் அவர் தவித்தார்.

இதற்கிடையே ஊரில் எழுப்புதல் என்ற பக்தி அலை வந்து இரண்டு சபைகளும் ஒரே கூடத்தில் ஜெபிக்கத் தொடங்கின. ஆவி வந்து அந்நிய பாஷையில் பேசும்வரை ஒரே குரல். சொந்தப் பாஷைக்குத் திரும்பினால் சண்டை. எனவே, உபதேச வேறுபாடு பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று இரு சபைகளும் சேர்ந்து அமைத்த ஐக்கியக் குழு முடிவு செய்தது. பொதுவாகக் கட்டும் ஞானஸ்நானத் தொட்டிக்குப் புதுச் சபைப் பாஸ்டர் நெஞ்சளவுத் தண்ணீர் கேட்டார். பழைய சபைப் போதகர் ஐயாவுக்கு ஒரு கை நீர் போதும். மூன்று கூட்டம் போட்டு, முழங்கால் அளவு என்று தீர்த்தார்கள். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் பிளம்பரே முதல் ஆளாக இறங்கினார்.

பாஸ்டரும் ஐயாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துச் சாய்த்தார்கள். தலை மூழ்கியது, தொப்பை மட்டும் தீவு மாதிரி நின்றது. தொப்பையை அமுக்கினால் கால் மேலே வந்தது. ஐயா சத்தமில்லாமல் ஒரு கை நீரள்ளித் தொப்பையில் தெளித்தார். கூடம் "அல்லேலூயா!" என்றது.

பிளம்பர் எழுந்திருக்கவில்லை. தண்ணீரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பாஸ்டர், எனக்கு இப்ப ஆச்சா, ஆகலையா?"

"ஆச்சு பிரதர்!" என்றார்கள் இருவரும்.

"எதனால? முங்கினதாலயா, தெளிச்சதாலயா? இல்ல, சின்ன வயசுலயே ஆயிடுச்சா?"

குழுச் செயலாளர் பாட்டு ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"ஒற்றுமைக்காகத்தான்..." என்று இழுத்தார் ஐயா.

"நல்லதுதாங்க ஐயா. ஆனா ரெண்டு பைப்பைச் சேர்க்கணும்னா, ரெண்டோட அளவையும் முதல்ல சொல்லணும். அளவை மறைச்சு டேப் சுத்தினா ஒழுகும். பதில் சொல்லுங்க, எந்திரிக்கறேன்."

"ஏங்க, சளி பிடிக்கும்!" என்றாள் மனைவி.

"பதினொரு வருஷமா நீ பிடிச்சதை விடவா?"

பாஸ்டர் வேட்டியை மடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் அமர்ந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க தெளிக்கறது தப்புன்னு நான் நெஜமாவே நம்பறேன்."

"தெரியும். என் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேங்கறீங்களேன்னுதான் வருத்தம்," என்றபடி ஐயா எதிர் விளிம்பில் வேதாகமத்தைத் திறந்தார்.

பிறகு வசனங்கள் பறந்தன. வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்று வேதத்தில் இருக்கிறதே, அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்காதா என்றார் ஐயா. விசுவாசிக்காத குழந்தைக்கு எப்படி என்றார் பாஸ்டர். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை; யாரும் எழுந்து போகவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்த பிளம்பருக்கு விரலெல்லாம் சுருங்கிவிட்டது.

மனைவி துண்டோடு வந்தாள். அதை அவர் தலையில் போட்டுவிட்டு ஐயா பக்கம் குனிந்தாள்.

"ஐயா, அந்த வீட்டு வசனம் எங்க இருக்கு? நான் பார்த்ததே இல்லையே?"

பிளம்பர் எழுந்துகொண்டார்.